ஆவாரைக்கும் முதல் கோடை உண்டு

மூன்றாமாண்டு மாணவி, சிவில் பிரிவு



ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வழியில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறதே, அது என்ன செடி என்று இந்த வருஷம் என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். "ஆவாரை" என்று சொன்னால், "அட, எங்க ஊரு ரோட்டோரத்துல கிடக்குமே, அதுவா?" என்று ஏமாற்றத்தோடு போய்விடுகிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த செடி என்று சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது! ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, நின்று கேட்காதவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எனக்குக் கவிதை வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆவாரை, ஆவாரம், ஆவிரை மூன்றும் ஒரே செடிதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாக அடுக்கும் பூக்களில் ஆவிரையும் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொன்னார். 1753-ல் லின்னேயஸ் என்ற அறிஞர் இதற்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார். இப்போது சென்னா ஆரிகுலேட்டா என்று அழைக்கிறார்கள். 'ஆரிகுலேட்டா' என்றால் காது உள்ளது என்று அர்த்தம். நம்ப முடியவில்லையா? இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வட்டமாக, காது மடல் மாதிரி சின்ன இலை இருக்கும். இந்தியாவும் இலங்கையும் இதன் பிறந்த வீடு. சிங்களத்தில் இதை ரணவரா என்கிறார்கள். அதில் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள். தெலங்கானாக்காரர்கள் 2014-ல் தனி மாநிலம் ஆனதும், தங்கேடு என்று அவர்கள் சொல்லும் இதே பூவைத்தான் மாநில மலராக எடுத்துக்கொண்டார்கள். பதுக்கம்மா பண்டிகையில் பெண்கள் அடுக்கி வைத்துக் கும்பிடுகிற பூக்களில் இது முக்கியமான பூ. நாமோ போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வாசலில் காப்புக் கட்டிவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறோம்.

என் ஊர் வேடசந்தூர் பக்கம் ஒரு குக்கிராமம். குடகனாற்றில் தண்ணீர் வந்தால் அது எங்களுக்கு விசேஷச் செய்தி! சரளை மண், சுண்ணாம்புக் கல், சீமைக்கருவேலம், ஆவாரை. இவைதான் நான் பிறந்தது முதல் பார்த்தவை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா நூல் மில்லில் வேலை. அப்பா போர் வண்டியில் கூலி. அப்பத்தா ஆவாரம்பட்டை உரித்தவர்.

பட்டை உரிப்பது என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமெல்லாம் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் வேண்டும். பட்டையில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து அதிகம். பச்சைத் தோலை அழுகாமல் காப்பது அதுதான். இங்கிலீஷ்காரன் இந்தச் செடிக்கு 'டானர்ஸ் காசியா' என்றே பெயர் வைத்துவிட்டான். பிறகு தென் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது, குரோமியம் உப்பு வந்தது, ஆவாரம்பட்டைக்கு மவுசு குறைந்தது. ஆனாலும் அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் அந்த வேலை இருந்திருக்கிறது. விடியக் கருக்கலில் கரட்டுக்குப் போய்க் கிளையை வெட்டி, கட்டையால் தட்டி, பட்டையை உரித்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டு வருவார்களாம்.

"கையெல்லாம் கன்னங்கரேல்னு ஆயிரும் தாயி. சோத்துல கை வைக்கவே கூச்சமா இருக்கும். எத்தன தேய்ச்சாலும் போகாது" என்பார் அப்பத்தா.

முதல் வருஷம் கெமிஸ்ட்ரி வகுப்பில் டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு நிறம் வரும், அந்தக் காலத்தில் மை தயாரித்ததே அப்படித்தான் என்று மேடம் சொன்னார். எனக்கு உடனே அப்பத்தாவின் கைதான் ஞாபகம் வந்தது. இரும்பு அரிவாள், ஆவாரம்பட்டைச் சாறு. மை அவர் கையிலேயே இருந்திருக்கிறது, எழுதத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த ரசாயன மாற்றத்தை விளக்கினேன். "அப்ப அது அழுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு அப்பத்தா ரொம்ப நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வறட்சி பற்றி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் கிடைக்கிறது. அது பொய்த்தால் என்ன மிஞ்சும்? 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசாங்கம் அறிவித்தது. நான் அப்போது நான்காம் வகுப்பு. அடிபம்பில் குடம் வரிசையாக நிற்கும். தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களின் மரமெல்லாம் மண்டை காய்ந்து நின்றது. ஊரெல்லாம் போர் போட்டார்கள். அதனால் அப்பாவுக்கு மட்டும் ஓயாத வேலை! ராத்திரி பகலென்று வண்டியோடு போவார். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு வருவார். "ஆயிரம் அடி போட்டோம், புகைதான் வருது" என்பார். தண்ணீர் இல்லாத வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் குறைவில்லாமல் சோறு இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

அந்தக் கோடையில் கரட்டில் ஆவாரை மட்டும் பாதி இலையை உதிர்த்துவிட்டு மீதியோடு நின்றது. சித்திரையில் ஒரே ஒரு மழை பெய்தது. கொஞ்ச நாளில் கரடு முழுக்க மஞ்சள்! ஆயிரம் அடிக்குக் கீழே கிடைக்காத தண்ணீர் இதற்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "அது ஆழத்துல தேடல பாப்பா. கெடச்சதை வீணாக்கல, அவ்ளோதான்" என்றார். படிக்காத அப்பா சொன்ன அந்தப் பதிலை, நீர்வள வகுப்பில் இத்தனை பக்கம் படித்த பிறகும் நான் இன்னும் முழுசாகத் தாண்டவில்லை.

2023-ல் நான் இங்கே சேர்ந்தபோது ஆபீசுக்கு முன்னால் புல்தரையும் கலர் கலராய்க் குரோட்டன்ஸும் இருந்தன. சீனியர்களுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த ஏப்ரலில் போரில் தண்ணீர் குறைந்தது. ஹாஸ்டலுக்கே லாரித் தண்ணீர் என்ற நிலை. புல் வெந்து போனது, குரோட்டன்ஸ் குச்சியானது. புதுத் தோட்டத்துக்கு என்ன வைக்கலாம் என்று நாட்டு நலப்பணித் திட்டக் கூட்டத்தில் சார் கேட்டார். ரோஜா என்றார்கள், செம்பருத்தி என்றார்கள். நான் எழுந்து ஆவாரை என்றேன். கூட்டமே சிரித்தது. "ஏம்மா, ரோட்டுல கிடக்குறதைத் தோட்டத்துல வைக்கிறதா?" என்றார் ஒரு அண்ணன். "வறட்சியைத் தாங்கணும்னா சீமைக்கருவேலத்தை வச்சிருவோமா?" என்றார் இன்னொருவர்.

அந்தக் கேலியிலும் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. சீமைக்கருவேலமும் வறட்சியைத் தாங்கும்தான். ஆனால் அது வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். தான் பிழைக்கும், பக்கத்தில் இருக்கிறதைப் பிழைக்க விடாது. ஆவாரை அப்படியில்லை. அதன் காலடியில் புல் வரும், தும்பை வரும். இலையில் வெள்ளை, மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். புழு இலையைத் தின்னும், தின்றாலும் செடி மறுபடி தழையும். பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத்தான் வரும். கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும், பொடி கொட்டும். மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் வைப்ரேஷன் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை வேண்டுமா? காலை 9 மணிக்குப் போய்ப் பாருங்கள்!

அன்றைக்குச் சாரிடம் நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் புல்தரை 20 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 200 சதுர மீட்டர். வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் வைத்தாலும் ஒரு நாளைக்கு 1000 லிட்டர், வாரத்துக்கு 7000 லிட்டர். அதே இடத்தில் 40 ஆவாரை வைத்தால், முதல் கோடையில் செடிக்கு வாரம் 10 லிட்டர் வீதம் மொத்தமே 400 லிட்டர்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர் என்பது நமக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப் கூரை 300 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் 6000 லிட்டர் விழுகிறது. சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 4800 லிட்டர் கையில் நிற்கும். அந்தத் தண்ணீர் இத்தனை வருஷமாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விதை யார் கொண்டு வருவா?" என்றார். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது!

விதை அப்பத்தா கொடுத்தது. செடியிலேயே காய்ந்து பழுப்பான நெத்தைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். வளர்க்க விரும்புகிறவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவாரை விதைக்கு ஓடு கெட்டி. அப்படியே போட்டால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை விட்டு இறக்கி, அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் ஊதிப் பெருத்த விதையை எடுத்து விதைக்கலாம். ஊதாமல் கிடக்கிறதை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப் போட வேண்டும். உப்புத்தாள் கார்ப்பென்டரி ஷாப்பில் வாங்கினோம். செம்மண், மணல், மக்கிய சாணி எரு மூன்றும் கலந்து பாலிதீன் பையில் போட்டு, பைக்கு இரண்டு விதை. பை குட்டையாக இருக்கக்கூடாது. ஆணிவேர் சீக்கிரம் கீழே போகும். இடம் இல்லையென்றால் சுருண்டுவிடும்.

ரோட்டோரத்துச் செடியைப் பிடுங்கி வந்து நட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. ஒரு முழம் செடிக்கு அதைவிட நீளமாக வேர் போயிருக்கும். பிடுங்கும்போது அது அறுந்துவிடும்.

2024 ஜூனில் விதைத்தோம், அக்டோபரில் முதல் நல்ல மழை விழுந்ததும் நட்டோம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, செடிக்குச் செடி 5 அடி. கடப்பாரை பிடித்ததில் எல்லோர் கையிலும் கொப்புளம்! சர்வே லேபிலிருந்து லெவல் கருவியைக் கேட்டு வாங்கி நிலத்தின் சரிவைப் பார்த்தோம். ஒவ்வொரு செடிக்கும் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை நிலா மாதிரி வரப்புக் கட்டினோம். மேட்டிலிருந்து ஓடி வருகிற தண்ணீர் அதில் தேங்கி, நின்று, இறங்கும். ஒர்க்‌ஷாப் கூரைக் குழாயை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டோம். காய்ந்த புல்லையும் சருகையும் தூரில் மூடாக்காகப் போட்டோம். எரு அதிகம் வேண்டாம். பூத்து முடிந்ததும் நுனியை வெட்டிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதராகும்.

இதுவரை படித்தவர்கள், 'இவ்வளவுதானா, சுலபம்தான்' என்று நினைப்பீர்கள். நான் சொல்ல வந்த விஷயமே இனிமேல்தான் வருகிறது.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று ஒரு பழமொழி இருக்கிறது. ஆவாரை பூத்திருக்கும்போது யாராவது சாவார்களா என்று கேட்கிறது. அதன் மருத்துவக் குணத்தைச் சொல்கிற பேச்சு அது. ஆனால் கவனியுங்கள், 'பூத்திருக்க' என்றுதான் சொல்கிறது. பூத்த ஆவாரையின் பெருமை அது. பூக்கிற வரைக்கும் அந்த ஆவாரைக்கு என்ன நடந்தது என்று பழமொழியில் இல்லை.

வறட்சியைத் தாங்குகிற செடி என்றதும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 'அது தாங்கும்' என்கிறார்கள். தாங்கும்தான், ஆனால் எப்போது? வேர் இறங்கிய பிறகு! அந்தத் தெம்பு இலையிலும் தண்டிலும் இல்லை, வேரில் இருக்கிறது. வேர் இறங்கக் காலம் ஆகும். முதல் கோடையில் ஆவாரைக் கன்றும் ரோஜாக் கன்றும் ஒன்றுதான். இரண்டும் தண்ணீர் இல்லாவிட்டால் சாகும். கரட்டில் தானாக முளைத்ததெல்லாம் தாங்கவில்லையா என்று கேட்கலாம். ஒரு செடி விழவிடுகிற நூற்றுக்கணக்கான விதையில் எத்தனை செடியானது என்று யாரும் எண்ணுவதில்லை. நின்றதை மட்டும் பார்த்து 'ஆவாரை சாகாது' என்கிறோம்.

எங்கள் 40 கன்றுக்கும் முதல் கோடை 2025-ல் வந்தது. ஏப்ரல் வரை பிரச்சினை இல்லை. மே மாதம் லீவு! நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். வரிசைக்கு இரண்டு பேர், சனிக்கிழமை தோறும் செடிக்கு ஒரு வாளி. என் வரிசைக்கு நான் பஸ்ஸில் வந்து ஊற்றிவிட்டுப் போவேன். வாட்ச்மேன் தாத்தா தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத்து வரிசை இரண்டு தம்பிகளின் பொறுப்பு. ஃபீஸ் கட்டப் பணம் வேண்டும் என்று அந்த லீவில் இருவரும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. இரண்டு வாரம் கழித்து விஷயம் தெரிந்து நாங்கள் ஓடுவதற்குள் அந்த வரிசையில் 8 கன்று போய்விட்டது. மற்ற வரிசைகளில் 32-ம் பிழைத்தது. ஒரே விதை, ஒரே மண், ஒரே வெயில். அந்த வரிசைக்கு மட்டும் அந்த இரண்டு வாரம் ஆள் இல்லை.

அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "ஆவாரம்னா என்ன, அதுவும் புள்ளதான? மொதக் கோட தாண்டுற வரைக்கும் ஒரு கை குடுக்கணும். அதுக்காகத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டே இருக்கவும் கூடாது" என்றார். அதுவும் உண்மை. ஹாஸ்டல் வராந்தாவில் ஒருவர் தொட்டியில் ஒரு கன்று வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினார். இலை மஞ்சளாகி உதிர்ந்து வேர் அழுகிவிட்டது. முதல் கோடையில் வாரம் ஒரு தடவை, மண் நனைய ஊற்ற வேண்டும். இரண்டாம் கோடையில் இலை துவண்டால் மட்டும் ஊற்றினால் போதும். அதற்குப் பிறகு நாம் தேவையில்லை. வேர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

போன கார்த்திகையில் 32 செடியும் பூத்தது.

தோழர்களே, உங்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நம்மைப் பற்றியும் இந்த உலகம் 'தாங்கும்' என்றுதான் சொல்கிறது. "கிராமத்துப் புள்ளைக, கஷ்டம் தெரிஞ்ச புள்ளைக, எப்படியும் படிச்சிருவாங்க" என்கிறார்கள். பாராட்டு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் நம் வகுப்புகளில் முதல் வருஷம் முடிவதற்குள் எத்தனை நாற்காலி காலியானது என்று எண்ணிப் பார்த்தீர்களா? எங்கள் வகுப்பில் 6.

அதில் ஒன்று என் பக்கத்து நாற்காலி. அவள் அப்பா அம்மா இருவரும் கல் குவாரியில் கூலி. டிராயிங் ஷீட்டில் அவள் போடுகிற கோடு அச்சு மாதிரி இருக்கும்; சார் அதை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவளுக்கு இங்கே கணக்கும் இங்கிலீஷும் ஒரே நேரத்தில் தலையில் விழுந்தன. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். "படிப்பு ஏறல, மில்லுக்கு வா" என்று வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இருந்தது. "நீ ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் பழகிரும்" என்று சொல்ல ஆள் இல்லை. இப்போது அம்மா வேலை செய்கிற மில்லிலேயே வேலை செய்கிறாள். அம்மாவிடம் என்னைப் பற்றி விசாரிப்பாளாம். "இப்ப என்ன வரையுறா?" என்று ஒரு நாள் கேட்டாளாம். அம்மா அதை என்னிடம் சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கும் அதே மண்தான், அதே வெயில்தான். "பொம்பளப் புள்ளைக்கு என்ன சிவில் வேண்டிக்கிடக்கு?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. பிறகு நான் எப்படி நின்றேன்? என் புத்திசாலித்தனமா? சத்தியமாக இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது. என்னை மில்லுக்கு அனுப்பச் சொன்னவர்களுக்கு அம்மா பதிலே சொல்லவில்லை; அவரே டபுள் ஷிப்ட் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பஸ்ஸில் வந்த ஒரு சீனியர் அக்கா. தன் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தார். தினமும் 40 நிமிஷப் பயணத்தில் ஒரு கணக்கு. "புரியலைன்னா வெக்கப்படாமக் கேளு. நானும் ரெண்டு தடவை எழுதித்தான் பாஸ் பண்ணேன்" என்பார். ஒரு செமஸ்டர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நானே போட்டுக்கொண்டேன். அந்த அக்காவுக்கு வாரம் ஒரு வாளி ஊற்றுகிறோம் என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

என் தோழிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அந்த 40 நிமிஷம்தான் என்று நான் நினைக்கிறேன். அவள் வந்தது வேறு பஸ்.

அதனால்தான் சொல்கிறேன். நம் முன்னோர் எப்படியோ தாங்கினார்கள் என்று பெருமை பேசுவது சுலபம். அப்பத்தா தாங்கினார், அம்மா தாங்கினார் என்று நானும் பேசலாம். ஆனால் தாங்காமல் போனவர்களைப் பற்றி யார் பேசுவது? கரட்டில் நின்ற செடியை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள், நட்டதையும் சேர்த்து எண்ணுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன அக்டோபரில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இன்னும் 25 கன்று நட்டிருக்கிறோம். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத்தில் போன 8-க்குப் பதிலாக 8 வைத்திருக்கிறோம். ஆக மொத்தம் 33. வரப்போகிற கோடைதான் அவற்றுக்கு முதல் கோடை. நாங்கள் மூன்றாமாண்டுக்காரர்கள் ஏப்ரலோடு போய்விடுவோம். முதலாமாண்டு, இரண்டாமாண்டுத் தம்பி தங்கைகளில் பக்கத்து ஊர்க்காரர்கள் பத்துப் பேர் பெயர் கொடுத்தால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் போங்கள், அது தப்பில்லை. போகும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம். ஜூன் மழை வரும்வரை சனிக்கிழமை தோறும் செடிக்கு ஒரு வாளி.

அப்படியே ஜூனில் புதிதாகச் சேருகிறவர்களில், கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை யார், எந்த பஸ்ஸில் வருகிறார் என்று பார்த்து வையுங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். என் முதல் வருஷக் கணக்கு நோட்டை லைப்ரரி மேடத்திடம் கொடுத்திருக்கிறேன், கேட்டால் தருவார்.

வாளி இரண்டும் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் கைப்பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பார்த்துத் தூக்குங்கள்.